பழைய கணினியில் புதிய வெப்கேமரா

காணொளி ஆலோசனைக்கெனப் புதிய வெப்கேமரா வாங்கும் குடும்பத்தினர் சிலர், வீட்டிலுள்ள பழைய கணினியில் படம் உறைந்து நிற்கிறது என்று எங்களிடம் கூறுகின்றனர். அதற்காகக் கணினியையே மாற்றும் செலவு பெரும்பாலும் தேவைப்படாது.

இணைப்பதில் சிக்கல் அரிது. ‘யுவிசி’ என்னும் பொதுத் தரத்தில் அமைந்த கேமராவை, 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 கூடத் தனி மென்பொருளின்றி அறியும். சுமை வேறிடத்தில் உள்ளது. யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு மேல் செல்லாது. 1080பி காணொளி முழு வேகத்தில் அதில் அடங்காததால், கேமரா அதனைச் சுருக்கி அனுப்புகிறது. விரித்துக் காட்டும் பணி பழைய செயலியின் மேல் விழுகிறது. எனவே அமைப்புகளில் 720பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறையும். நோயாளி மூச்சு விடும் வேகத்தை மருத்துவர் எண்ண வேண்டுமானால், துல்லியத்தைவிடத் தடையற்ற அசைவே முக்கியம்.

சன்னல் நோயாளியின் முதுகுப்புறம் இருக்கலாகாது. முகம் இருண்டால் உதட்டின் நிறம் தெரியாது. அறுவைப் புண்ணைக் காட்ட வெப்கேமரா ஏற்றதன்று என்பது எங்கள் கருத்து. குவியம் மாறாத வகைகள் அண்மையில் உள்ளவற்றை மங்கலாகவே காட்டும். கைப்பேசியில் படமெடுத்து முன்னரே அனுப்புங்கள்.

விண்டோஸ் 7 வைத்திருப்போர் கவனிக்க: அதில் குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆலோசனைப் பக்கம் திறக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ உண்டானால், கேமராவைச் சரிசெய்துகொண்டிராமல் உடனே 108ஐ அழையுங்கள்.