கதவு ஒன்று, அடுப்பு மூன்று

இரத்தினபுரி மாவட்டத்தில், இறப்பர் மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு தோட்டம். வீடில்லாத குடும்பங்களின் விபரம் திரட்டப் போயிருந்தேன். படிவத்தின் முதற் கேள்வி 'வீட்டு இலக்கம்'. முதல் லயத்தில் பத்துக் கதவுகள், பத்து இலக்கங்கள். பத்து வீடுகள் என்று எழுதிவிட்டு அடுத்த லயத்துக்கு நடந்தேன். பால் வெட்டிவிட்டு வாளியோடு வந்த ஓர் அம்மா என்னை மறித்தார்.

"கதவ எண்ணாதீங்க மிஸ். உள்ள வந்து அடுப்ப எண்ணுங்க."

உள்ளே போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று. அதில் அம்மா, அவருடைய கணவர், மூத்த மகனின் குடும்பம். இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து இளைய மகனும் மருமகளும். பின்பக்கம் தகரம் சாய்த்த இடத்தில், கணவன் விட்டுப்போன மகள் இரண்டு பிள்ளைகளோடு. அடுப்பு மூன்று. தோட்டத்துப் பதிவேட்டில் வீடு ஒன்று.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'குடும்ப அலகு' பற்றி இரண்டு பரீட்சைகளில் எழுதியிருக்கிறேன். அதெல்லாம் அன்று உதவவில்லை. மீண்டும் முதல் லயத்திலிருந்து தொடங்கினேன். மாலையாகும்போது அந்தப் பத்துக் கதவுகளுக்குப் பின்னால் இருபதுக்கு மேற்பட்ட அடுப்புகள் இருந்தன. கதவை எண்ணிக் கணக்கெடுத்தால் வீட்டுப் பற்றாக்குறை பாதியாகத்தான் தெரியும்.

இதை வன்னியிலிருந்து வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு இந்த லயங்கள் புதியவையல்ல. 1977 வன்செயலின் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களின் பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும் பலர் வெளியேறினர். 2009 இல் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் வாழ்ந்தவர்களில் அவர்களும் அடக்கம். போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. ஆனால் காணிக்குப் பத்திரம் இல்லாதவர்கள் எத்தனை தடவை பிரதேச செயலகத்துக்கு அலைந்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்தில் அலைவதற்கும் வழியில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவருக்குச் சொந்தமாக ஓரடி நிலமில்லை. நகரத்து ஏழைக்கு வாடகை கூடினால் வேறு அறை தேடலாம். இங்கே காம்பராவே வேலையோடு ஒட்டியது. வீட்டுக் கடன் கொடுத்தாலும் சம்பளத்தில்தான் கழிப்பார்கள். 2024 இல் கூட்டப்பட்ட பிறகும் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாகத்தான் இருந்தது. மழை பெய்தால் பால் வெட்டும் இல்லை.

வீடு வராமலும் இல்லை. 2015 இன் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை வந்தது. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1900 சதுர அடி. நாலு வாழையும் ஒரு கோழிக்கூடும் வைக்கலாம். ஆனால் இந்தியா முதலில் கொடுத்த 4000 தோட்ட வீடுகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே. அடுத்த 10,000 வீடுகள் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியில். அறிவித்தபோது பிறந்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. சப்ரகமுவவில் நம்மவர்கள் சிதறி வாழ்கிறார்கள். நுவரெலியாவைப் போல வாக்குப் பலம் கிடையாது. அதனால்தான் பட்டியலில் பின்னுக்கு நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். மலை மட்டும் காத்திருப்பதில்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மண்சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடியது.

அந்த அம்மாவின் மகளுக்கு வருகிறேன். அவர் வேலை செய்வது தோட்டத்தில் அல்ல, டவுனில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில். தோட்டத்தில் பெயர் இல்லாததால் அங்கத்தைய பட்டியலில் இல்லை. லயத்தில் குடியிருப்பதால் கிராமத்து வீட்டுத் திட்டத்திலும் இல்லை. வெளிநாடு போய் வந்த பெண்கள், விதவைகள், கொழும்பில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். தகப்பன் பெயரிலோ அண்ணன் பெயரிலோ வீடு வந்தால், இவர்கள் மறுபடியும் தகரத்தின் கீழே.

படிவத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு கிழித்து 'அடுப்பு' என்று ஒரு நிரல் சேர்த்தேன். மூன்றாவது அடுப்புக்கு நேரே, குடும்பத் தலைவர் என்ற இடத்தில், மகளின் பெயரை எழுதினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "சத்தமா வாசிங்க மிஸ்" என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

இரண்டு வாரத்தில் ஒரு காரியாலயத்திலிருந்து அந்தப் படிவம் திரும்பி வந்தது. செக்ரோல் இலக்கம் எழுதப்படவில்லையாம். மகளுக்கு அப்படியொரு இலக்கம் இல்லை. வருகிற திங்கட்கிழமை அவர் அரைநாள் லீவு எடுக்கிறார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு இருவருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.