ஃப்ரிட்ஜ் இல்லேன்னா என்ன... ஜில்லுனு ஒரு புதினா டீ!

உங்க ஊர் நயினார்கோவில்னு வெச்சுக்குவோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்குது. பரமக்குடி காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், 'நாளைக்கு நாகநாத சுவாமி கோயிலுக்கு வர்றோம்டா. அப்படியே உங்க வீடு!'னு போன் போடறாங்க. உங்களுக்கோ பக்குனு இருக்கு. ஏன்னா, வீட்டுல ஃப்ரிட்ஜ் கிடையாது. கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வாங்க அம்மாகிட்ட காசு கேட்கவும் மனசு வரலை.

டோன்ட் வொர்ரி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துல 'ஆமிஷ்'னு ஒரு சமூகம் இருக்கு. பெரும்பாலும் வீட்டுக்கு வெளி கரன்ட் கனெக்‌ஷனே வாங்க மாட்டாங்க. சவாரிக்குக் குதிரை வண்டிதான். ஆனா, கோடை வந்தா அவங்க வீட்டுல ஜில்லுனு புதினா டீ ரெடி! 'மெடோ டீ', அதாவது புல்வெளி டீன்னு பேர். இதுல டீத்தூளே கிடையாது. வீட்டுப் பக்கத்துல வளர்ற புதினாவை வெந்நீர்ல ஊற வெச்சு, சர்க்கரை போட்டு, ஆறவெச்சுக் குடிக்கிறாங்க. சில பிரிவினர் பனிக்காலத்துல குளத்துல உறைஞ்ச ஐஸை வெட்டி, கோடைக்குப் பத்திரப்படுத்துவாங்க.

நம்ம ஊர்ல குளம் உறையாது. ஆனா, பானை இருக்கே பாஸ்!

அஞ்சு பேருக்கு அளவு

ரெண்டு கைப்பிடி புதினா, 100 கிராம் பனங்கற்கண்டு, ஒரு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. பனைமரம் நிறைஞ்ச மாவட்டத்துல இருந்துக்கிட்டு வெள்ளைச் சர்க்கரை எதுக்கு?

முதல் நாள் ராத்திரியே, காய்ச்சி ஆறவெச்ச தண்ணியை மண்பானையில ஊத்தி, காத்து வர்ற நிழல்ல, ஈர மணல் மேல வெச்சிடுங்க. மறுநாள் அரை லிட்டர் தண்ணியில பனங்கற்கண்டைக் கரையவிட்டுக் கொதிக்க வைங்க. அடுப்பை அணைச்ச பிறகுதான் கழுவின புதினாவைப் போடணும். கொதிக்கும்போது போட்டா வாசனை பூரா ஆவியில போயிடும். மூடி வெச்சு 15 நிமிஷம் கழிச்சு வடிகட்டுங்க. நல்லா ஆறினதும் ஒரு லிட்டர் பானைத் தண்ணி, எலுமிச்சைச் சாறு, உப்பு சேருங்க. அவ்வளவுதான் மேட்டர்!

ஒரு எச்சரிக்கை. இனிப்பு டீயைப் பானையில ஊத்தி வைக்காதீங்க. நுண்துளைகள் அடைச்சுக்கும், அப்புறம் பானை குளிராது.

ஜில்... எப்படி?

பானைச் சுவர்ல கசியற தண்ணி ஆவியாகும்போது, உள்ளே இருக்கற தண்ணியோட சூட்டையும் எடுத்துட்டுப் போயிடுது. காத்துல ஈரம் கம்மியா இருந்தா இது இன்னும் நல்லா நடக்கும். அதனால ராமேஸ்வரம் கடற்கரையைவிட உங்க ஊருக்கு இது தோது.

மிச்ச வேலையைப் புதினா பார்த்துக்கும். புதினா வகைகள்ல இருக்கற மென்தால், நம்ம நரம்புல குளிரை உணர்ற அதே 'சுவிட்ச்'சைத் தட்டிவிடுது. சூடு குறையாமலே 'ஜில்'லுனு மூளை நம்பிடும். சமையல் புதினாவுல மென்தால் கம்மிதான். ஆனாலும் வாசனைக்கே தெம்பு வரும். இந்த 'சுவிட்ச்'சை மென்தாலை வெச்சே கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூடியனும், வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு உணரும் விதம் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-ல் மருத்துவ நோபல் வாங்கினாங்க.

இலையை ஆய்ஞ்சதும் தண்டைக் குப்பையில போடாதீங்க. பாத்திரம் கழுவற தண்ணி ஓடற ஈர மண்ணுல ஊனி வைங்க. துளிர்த்துட்டா அடுத்த தடவை புதினாவும் ஃப்ரீ!

ஃப்ரெண்ட்ஸ் வந்து, ஒரு மடக்கு குடிச்சுட்டு, 'ஃப்ரிட்ஜ் எங்கடா?'னு கேட்பாங்க. கூச்சமே வேணாம். மூலையில இருக்கற பானையைக் காட்டுங்க. அடுத்த டம்ளரை அவங்களே கேட்டு வாங்கிக்குவாங்க!