தாய்ப்பாலுக்கும் ஒரு வங்கி

வங்கி என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது பணம் போட்டு எடுக்கும் இடந்தான். இரத்த வங்கியைப் பற்றியும் கண் வங்கியைப் பற்றியும் நாம் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். தாய்ப்பாலுக்கும் ஒரு வங்கி உண்டு என்று சொன்னால் நம்மில் பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். என் வகுப்புத் தோழியர் சிலரும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் எடைகூட இல்லாத ஒரு பச்சைக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவர் எவரும் சிரிக்கமாட்டார்கள்.

முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் சுமார் 30 இலட்சம் நம் இந்தியாவில் பிறந்தவை. இக்குழந்தைகளின் நுரையீரல் மட்டுமன்று, குடலும் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. குடலின் உட்சுவர் மெல்லிய தாள்போல் இருக்கும். மாவுப்பாலைச் செரிக்க அது படும் பாடு பெரிது. சில குழந்தைகளுக்குக் குடல் வீங்கி, அழுகி, ஓட்டையே விழுந்துவிடுகிறது. ‘நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ்’ என்று மருத்துவர்கள் இதற்கு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தையின் உயிரையே பறிக்கக்கூடிய நோய் இது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பிற தாய்மார் தானமாகக் கொடுத்த பாலைக் குடித்த குறைமாதக் குழந்தைகளைக் காட்டிலும், மாவுப்பால் குடித்தவற்றுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

“அப்படியானால் பெற்ற தாயே கொடுக்கலாமே?” என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், அதுவே முதன்மையானது. தாயின் சொந்தப் பாலுக்கு ஈடான பால் எந்த வங்கியிலும் இல்லை. ஆனால் எதிர்பாராமல் முன்கூட்டியே பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சில நாட்கள் ஆகலாம். அவள் இரத்த அழுத்தத்தால் மயங்கிக் கிடக்கலாம். குழந்தை ஒரு மருத்துவமனையிலும் தாய் வேறொரு மருத்துவமனையிலும் இருக்கலாம். அவள் பிரசவத்திலேயே கண்மூடியிருக்கவும் கூடும். அந்த முதற் சில நாட்களுக்குத்தான் இந்த வங்கி.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. என் அத்தைக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,200 கிராம். அத்தைக்குப் பால் வரவில்லை. அந்த மருத்துவமனையில் பால் வங்கியும் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அக்கா தம் பிள்ளை குடித்தது போக மிகுதியாகச் சுரக்கிறது என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சியே நீட்டினார். நர்ஸம்மா வாங்க மறுத்துவிட்டார். எங்கள் பாட்டிக்கு வந்ததே கோபம்! “ஏம்மா, எங்க காலத்துல ஒருத்தி புள்ளைக்கு இன்னொருத்தி குடுக்கலியா? அதெல்லாம் வளரலியா? பச்சப் புள்ள வாடிக் கிடக்குது, உனக்குச் சட்டம் பெருசாப் போச்சா?” என்று கேட்டார். நர்ஸம்மா, “பாட்டி, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அவ ரத்தத்துல என்ன இருக்குன்னு அவளுக்கே தெரியாதில்லையா?” என்றார். நான்காம் நாள் அத்தைக்கே பால் வந்துவிட்டது; தம்பி இப்போது எல்.கே.ஜி. படிக்கிறான். என்றாலும் அந்த மூன்று நாளும் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பாட்டி சொன்னதும் உண்மை, நர்ஸம்மா சொன்னதும் உண்மை என்பதே இதிலுள்ள சிக்கல். நம் சங்க நூல்களிலேயே செவிலித்தாய் வருகிறாள். ஊர்தோறும் ஒரு தாயின் பிள்ளைக்கு மற்றொரு தாய் பாலூட்டியிருக்கிறாள். ஆனால் எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி தாய்ப்பால் வழியாகவும் பரவக்கூடும் என்று 1980களில் தெரியவந்தது. அந்த அச்சத்தில் மேல்நாடுகளில் நன்றாக நடந்துவந்த பால் வங்கிகள் பல மூடப்பட்டன. உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் தோன்றியது என்பதையும், ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் மாரி எலிஸ் கைசர் என்ற பெண் மருத்துவர் 1919இல் தம் நாட்டின் முதல் வங்கியைத் தொடங்கினார் என்பதையும் நினைத்தால், முக்கால் நூற்றாண்டு உழைப்பு வீணாகிவிடுமோ என்று அக்காலத்தில் பலர் கவலைப்பட்டிருப்பார்கள். வீணாகவில்லை. பாலைப் பாதுகாப்பாக்கும் வழி அறிவியலிடம் ஏற்கெனவே இருந்தது.

அந்த வழி நமக்குப் புதியதன்று. லூயி பாஸ்டர் கண்டறிந்ததாக நாம் படிக்கும் பாஸ்டர் முறையேதான். முதலில், பால் கொடுக்க முன்வரும் தாயிடம் அவளுடைய உடல்நலம், உண்ணும் மருந்துகள், புகை மது போன்ற பழக்கங்கள் பற்றிக் கேட்கிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி, மேகநோய் முதலியவை இல்லை என்பதற்கு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அவளுடைய சொந்தக் குழந்தை நன்றாகக் குடித்து எடை கூடுகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். தன் பிள்ளையின் பங்கை எடுத்து ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்க எந்த வங்கியும் அனுமதிப்பதில்லை. பிறகு கைகளையும் மார்பையும் தூய்மை செய்து, கையாலோ பம்பாலோ பாலை எடுத்து, கிருமி நீக்கிய பாத்திரத்தில் சேர்க்கிறார்கள். அதை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சரியாக 30 நிமிடம் வைத்து, உடனே குளிர்விக்கிறார்கள். கொதிக்க வைத்தால் சத்து அழியும். வெப்பம் குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். பின்னர்ச் சில துளிகளைச் சோதனைக்கு அனுப்பி, கிருமி வளரவில்லை என்று உறுதியான பின்னரே அந்தப் பாலைப் பயன்படுத்துவார்கள். அதுவரை அது பூச்சியத்திற்குக் கீழே 20 டிகிரி குளிரில் உறைந்து கிடக்கும். இவ்வளவு செய்வதால் பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதி குறையவே செய்கிறது. இருப்பினும் குடலைக் காக்கும் சர்க்கரை வகைகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. மாவுப்பாலில் அவை இயல்பாக இருப்பவை அல்ல.

அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லி லிட்டர் பால் போதும். அதாவது இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி. அதையும் இரண்டு மணிக்கு ஒரு முறை, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ செலுத்திய மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். சற்று வளர்ந்தபின் நம் வீடுகளில் உள்ள சங்கையும் பாலாடையையுமே பயன்படுத்துகிறார்கள். ஒரு தாய் ஒரு தம்ளர் பால் கொடுத்தால், இப்படிப்பட்ட ஒரு குழந்தை தன் முதல் வாரத்தைக் கடந்துவிடலாம்.

நம் நாட்டில் மட்டுமல்ல, ஆசியாவிலேயே முதல் வங்கி என்று சொல்லப்படுவது, மும்பை சயான் பகுதியிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையில் 1989இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியதாகும். நம் தமிழ் மக்கள் பெருந்திரளாக வாழும் தாராவிக்கு அருகில் உள்ள மருத்துவமனை அது. அங்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பணக்காரர் மட்டுமே பயன்படுத்தும் ஆடம்பரம் இது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

ஆனால் இத்துறையில் உலகிற்கே வழிகாட்டி பிரேசில் நாடுதான். அங்கு இன்று 200க்கும் மேற்பட்ட தாய்ப்பால் வங்கிகள் ஒரே வலைபோல் இணைந்து இயங்குகின்றன. 1980களின் நடுவில் இதற்கு வடிவம் கொடுத்தவர் ஜோவாவ் அப்ரிஜியோ என்ற வேதியியல் அறிஞர். வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த புட்டிகளை வரவழைக்காமல், காபித்தூளும் மயோனைசும் விற்கப்படும் கண்ணாடிக் குப்பிகளையே கழுவிக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். தலைநகர் பிரசிலியாவில் தீயணைப்புப் படையினர் வீடு வீடாகச் சென்று உறைந்த பாலை வாங்கி வருகிறார்கள். தீயணைப்பு வண்டி என்றால் மணியடித்துக்கொண்டு ஓடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பால் வாங்க அப்படையினர் வருவது எவ்வளவு அழகான காட்சி! இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. கைக்குழந்தையோடு இருப்பவளால் வங்கியைத் தேடி அலைய முடியாது. ஆகவே வங்கி அவளைத் தேடிச் செல்கிறது. தாய்ப்பால் கொடுக்கத் தெரியாமல் திணறும் தாய்க்குக் கற்றுக்கொடுப்பதும் அங்கே வங்கியின் வேலையே.

கருவி வாங்க வசதியில்லாத இடங்களுக்கும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2001இல் ஒரு பால் வங்கி ஏற்பட்டது. அந்நாட்டில், பால் நிறைந்த கண்ணாடிக் குப்பியை நீர்ப்பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி, கைப்பேசியுடன் இணைத்த வெப்பமானி சொல்லும்போது இறக்கும் எளிய முறையையும் சோதித்திருக்கிறார்கள்.

தேவை மிகும்போது வியாபாரமும் நுழைந்துவிடுகிறது. அமெரிக்காவில் இணையத்தின் வழியே விற்கப்பட்ட தாய்ப்பாலை வாங்கிச் சோதித்தபோது, 2013இல் வெளிவந்த முடிவுப்படி, நூற்றுக்கு 74 மாதிரிகளில் கிருமிகள் மிகுந்திருந்தன. 2015இல் வந்த மற்றொரு ஆய்வில், பத்தில் ஒன்றில் பசும்பால் கலந்திருந்தது! நம்மூர்ப் பால்காரரை மட்டும் இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். கம்போடியா நாட்டில் ஏழைத் தாய்மார்களின் பாலை விலைக்கு வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பி வந்தார்கள். 2017இல் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. வறுமையில் உள்ளவள் காசுக்காகத் தன் பிள்ளையைப் பட்டினி போட நேரிடுமே! நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில், தாய்ப்பாலை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்று எச்சரித்தது. அச்சமயத்தில் சென்னை மாதவரத்தில் ஒரு கடையும் முத்திரையிடப்பட்டது. தானமாக மட்டுமே பெற வேண்டும் என்பதே 2017இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறி.

இன்னொரு தடையையும் சொல்லவேண்டும். இஸ்லாமிய மார்க்கத்தில் ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர் போல் ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்குள் திருமணம் கூடாது. யார் பால் என்று தெரியாமல் குடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்ததால், வங்காள தேசத்தில் 2019இலும், பாகிஸ்தானின் கராச்சியில் 2024இலும் தொடங்கவிருந்த வங்கிகள் நின்றுபோயின. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. பலருடைய பாலை ஒன்றாகக் கலக்காமல், கொடுத்தவர் பெயரையும் குடித்த குழந்தையின் பெயரையும் எழுதி இரு குடும்பத்தாருக்கும் தெரிவித்தால், கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடுகிறது. ஈரானிலும் முஸ்லிம் மக்களே பெரும்பான்மையினர். அங்கே தப்ரீஸ் நகரில் 2016இல் வங்கி திறந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டு மாதத்தில் சென்னை எழும்பூர், மதுரை, கோவை, தஞ்சாவூர் முதலிய ஏழு இடங்களின் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் திறக்கப்பட்டன. பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் வந்ததும் அப்போதுதான். வங்கி இருந்தும் பால் போதாமல் போவதற்கு நம் வீடுகளில் உள்ள பயமும் ஒரு காரணம். பீய்ச்சிக் கொடுத்தால் தன் பிள்ளைக்குப் பால் வற்றிவிடும், கண்பட்டுவிடும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். உண்மையில் மார்பில் பால் தேங்கி நின்றால்தான் சுரப்பு குறையும். எடுக்க எடுக்க உடல் மேலும் சுரக்கிறது, கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவதுபோல. வங்கிகளுக்குப் பால் தருபவர்களில் பலர் வெளியிலிருந்து வருபவர்கள் அல்லர். தம் குழந்தையும் அதே வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, அது குடிக்கும் சில துளி போக மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் தாய்மார்களே அவர்கள்.