குதிரை தடை தாண்டும்போது மேலே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் இருக்கிறது பதில்!

1949, பிப்ரவரி 5. சிலி நாட்டின் கடற்கரை நகரமான வீனா டெல் மாரில் ஒரு குதிரை 2 மீட்டர் 47 சென்டிமீட்டர் உயரம் தாண்டியது. நம் வீட்டு வாசல் நிலை ஏழடி இருக்கும். இது எட்டடிக்கும் கொஞ்சம் மேல். அந்தக் குதிரையின் பெயர் உவாசோ. பந்தயத்தில் சோபிக்காமல் ஒதுக்கப்பட்டது, அப்போது அதற்கு வயது 16. மேலே இருந்தவர் ராணுவ கேப்டன் ஆல்பர்ட்டோ லர்ராகிபெல். மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார்கள். 70 ஆண்டுகளைத் தாண்டியும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

அந்த நொடியில் கேப்டன் என்ன செய்தார்? சினிமாவில் பார்ப்பதுபோல கடிவாளத்தைச் சுண்டிக் குதிரையை மேலே தூக்கிவிடவில்லை. 500 கிலோ மிருகத்தை யாராலும் தூக்க முடியாது. தாண்டுவது குதிரையின் வேலை. அது தாண்டும்போது இடைஞ்சல் செய்யாமல் இருப்பதுதான் மனிதனின் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், புதிதாகக் கற்பவர்கள் ஆண்டுக்கணக்கில் திணறுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கடலை மிட்டாய்க்கு அடுத்து இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஹாக்கி. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். காலையில் மைதானத்துப் பக்கம் போனால், பந்தைத் தடுக்கக் காத்திருக்கும் பையன்களைப் பாருங்கள். முழங்கால் மடங்கியிருக்கும். இடுப்பில் உடல் முன்னால் மடிந்திருக்கும். ஆனால் முதுகு கூன் விழாது. பின்புறம் பின்னால் போயிருக்கும், பார்வை எதிரே இருக்கும். யாராவது தோளில் கை வைத்துத் தள்ளினாலும் சட்டென்று விழ மாட்டார்கள். கையில் இருக்கும் மட்டையை எடுத்துவிட்டு, காலுக்கு நடுவே ஒரு குதிரையை வைத்தால், தடை தாண்டும் சவாரிக்காரரின் நிலை ஏறக்குறைய அதுதான்.

ஹாக்கி தெரியாதவர்களுக்கு சைக்கிள் இருக்கிறது. கரிசல்காட்டு வண்டித்தடத்தில் சைக்கிள் ஓட்டியவர்கள், பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து லேசாக எழுந்துவிடுவார்கள். எடை பெடலுக்குப் போகும், முழங்கால் ஸ்பிரிங் மாதிரி அதிர்வை வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்தே போனால் முதுகெலும்புக்குத் தெரியும்!

பின்னால் சாய்ந்த காலம்

இதைக் குதிரைக்காரர்கள் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆனது. 19-ம் நூற்றாண்டு முடியும் வரை ஐரோப்பிய ராணுவங்களில் தடை தாண்டும்போது பின்னால் சாய்வதுதான் முறை. காலை முன்னால் நீட்டி, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார்கள். முன்னால் சாய்ந்தால் குதிரையின் முன்னங்கால் முறிந்துவிடும், பின்னங்காலில் இறங்கவைப்பதே பாதுகாப்பு என்று நம்பினார்கள். குதிரைக்கோ ஒவ்வொரு தாண்டலிலும் இடுப்பில் ஓர் அடி, வாயில் ஓர் இழுப்பு. தாண்ட மறுக்கும் குதிரைகளை முரட்டுக் குதிரை என்று முத்திரை குத்தினார்கள்.

ஃபெடரிகோ கேப்ரில்லி என்ற இத்தாலிய குதிரைப்படை அதிகாரி வேறு வேலை செய்தார். ஆளில்லாமல் குதிரைகளைத் தாண்டவிட்டுப் பார்த்தார், புகைப்படங்களையும் ஆராய்ந்தார். குதிரை எப்போதும் முன்னங்காலில்தான் இறங்கியது. தாண்டும்போது கழுத்தை நீட்டி, முதுகை வில்லாக வளைத்தது. இரண்டையும்தான் சவாரிக்காரர்கள் தடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் வைக்கும் அங்கவடியின் வாரைக் குட்டையாக்கி, சேணத்திலிருந்து எழுந்து, குதிரையோடு சேர்ந்து முன்னால் போகும் முறையை அவர் கற்பித்தார். பினரோலோ குதிரைப்படைப் பள்ளியில் தொடங்கிய அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. 1907-ல் குதிரையிலிருந்து விழுந்துதான் அவர் இறந்தார். வயது 39. இன்று ஒலிம்பிக்கில் தடை தாண்டும் அத்தனை பேரும் அவருடைய மாணவர்கள்தான்.

குதிரை திடீரென மறைந்துவிட்டால்?

நிலை சரியா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. சவாரிக்காரரைப் பக்கவாட்டில் புகைப்படம் எடுங்கள். அந்தக் குதிரை மாயமாக மறைந்துவிட்டால் அவர் இரு காலில் நிற்பாரா, மூக்கு மண்ணில் படுமா, மல்லாந்து விழுவாரா என்று யோசியுங்கள். காலில் நிற்பார் என்றால் நிலை சரி.

பெரும்பாலும் மூக்குதான் படும். காரணம் மேலே இல்லை, கீழே இருக்கிறது. பயத்தில் முழங்காலால் சேணத்தை இறுக்குகிறார்கள். முழங்கால் கீல் மாதிரி ஆகிவிட, கெண்டைக்கால் பின்னால் வீசும், நெஞ்சு குதிரையின் கழுத்தில் போய் விழும். அந்த நேரத்தில் குதிரை கடைசி நொடியில் நின்றுவிட்டால், ஆள் மட்டும் தடையைத் தாண்டிப் போவார். பயிற்சியாளர் ‘முன்னால் சாயாதே’ என்று எத்தனை முறை கத்தினாலும் பயனில்லை. திருத்த வேண்டியது குதிகாலை. எடை இடுப்பிலிருந்து முழங்கால் வழியாக இறங்கி, குதிகாலில் போய் நிற்க வேண்டும். கெண்டைக்கால் வாரை ஒட்டி அசையாமல் இருக்க வேண்டும்.

இதற்கு எதிரான தவறு பின்தங்குவது. குதிரை எழும்பிவிட்டது, ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். விழாமல் இருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவார். மறுமுனையில் இருப்பது குதிரையின் வாயில் உள்ள இரும்பு. பல்லில்லாத ஈறின் மேல் கிடக்கும் இரும்பு அது. சில முறை அப்படி வலித்தால், குதிரை அடுத்த முறை தடைக்கு முன்னால் நின்றுவிடும். பழி குதிரை மேல் விழும்.

அதனால்தான் நல்ல பள்ளிகளில் ஆரம்பத்தில் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கழுத்தில் ஒரு வாரும் கட்டிவிடுவார்கள். அதைப் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்று பதின்ம வயதுப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்குவதைவிட அது எவ்வளவோ மரியாதையான விஷயம்.

பார்வையும் முக்கியம். கீழே பார்த்தால் தலை கவிழும், தோள் பின்தொடரும். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னால் அதற்குக் கொஞ்சம் இடம் தெரியாது. தூரத்தில் பார்த்து வைத்த கணக்கை நம்பித்தான் எழும்புகிறது. அந்தக் கடைசி எட்டில் மேலே இருப்பவர் ஆடினால் கணக்கு கெடும்.

உயரத்தில் இல்லை பயிற்சி

நிலையைத் திருத்த உயரமான தடை எதுவும் தேவையில்லை. அங்கவடி வாரை இரண்டு துளை குறைத்து, சேணத்திலிருந்து எழுந்த நிலையிலேயே முதலில் நடையில், பிறகு துள்ளோட்டத்தில் சில நிமிடங்கள் போக வேண்டும். தொடை நடுங்கும். நடுங்கினால் இறங்கி ஓய்வு. பிறகு தரையில் கம்புகளை நாலரை அடிக்கு ஒன்றாகக் கிடத்தி, அவற்றின் மேல் அதே நிலையில் போக வேண்டும். அதன் முடிவில் முழங்கால் உயரத்தில் ஒரு பெருக்கல் குறித் தடை, அங்கிருந்து சுமார் 18 அடியில் இன்னொன்று. கம்புகள் குதிரையின் எட்டை ஒழுங்குபடுத்திவிடுவதால், எங்கே எழும்புவது என்ற கவலை ஆளுக்கு இல்லை. தன் உடம்பை மட்டும் கவனிக்கலாம். போட்டியில் இந்த இடைவெளி 24 அடி வரை போகும். இறங்க 6 அடி, ஓர் எட்டு 12 அடி, மறுபடி எழும்ப 6 அடி என்பது கணக்கு.

கொஞ்சம் தேறியவர்களுக்கு, பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொள்ள, கடிவாளத்தை விட்டுக் கைகளை விரித்தபடி சின்னத் தடையைத் தாண்டும் பயிற்சி உண்டு. கையை நம்பியிருந்தவர்கள் யார், காலை நம்பியிருந்தவர்கள் யார் என்பது அதில் வெளியே வந்துவிடும்.

கரிசலில் இறங்கினால்?

உடம்பு தயார் என்றாலும் கோவில்பட்டி வட்டாரத்தில் மண் ஒரு சிக்கல். தடை தாண்டி இறங்கும்போது ஒரு கணம் முழு எடையும் ஒற்றை முன்னங்காலில் விழுகிறது. கோடையில் கரிசல் கல்லாக இறுகி, கால் போகும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செருப்பைப் பிடுங்கும் அதே களிமண் குதிரையின் லாடத்தையும் பிடுங்கும். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண், குளம்புக்கு ஆகாது. இங்கே தாண்டும் களம் அமைப்பதென்றால், கரிசலை வெட்டி எடுத்து, தண்ணீர் வடிய அடித்தளம் போட்டு, மேலே மணல் பரப்ப வேண்டும்.

இத்தனைக்கும் குதிரை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பழையகாயல் பக்கம்தான் பாண்டியர் காலத்தில் அரேபியக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலான குதிரைகள் செத்துப்போவதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மன்னர் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டினார், நரிகள் பரிகளாயின என்ற கதையும் அந்தக் குதிரை மோகத்தின் அடையாளம்தான்.

இன்றைக்குத் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் தடை தாண்டக் கற்க வேண்டுமென்றால் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்றார். 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் செய்னியூர் மெடிகாட் என்ற குதிரையோடு இறுதிச் சுற்று வரை போய் 23-வது இடம் பிடித்தார். ஒரு கம்பு விழுந்தால் 4 அபராதப் புள்ளி. அந்தக் கம்பு விழுவதும் விழாமல் நிற்பதும் பல நேரம் மேலே இருப்பவரின் இடுப்பு ஒரு கணம் முந்தியதா, பிந்தியதா என்பதில் இருக்கிறது.

விடுமுறைக்கு நகரத்துக்குப் போகும்போது பிள்ளையைச் சவாரிப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், பணம் கட்டும் முன் வேலிக்கு வெளியே நின்று ஒரு வகுப்பைப் பாருங்கள். எல்லோர் தலையிலும் ஹெல்மெட் பொருத்தமாக இருக்கிறதா, புதியவர்களை முதல் மாதமே உயரத் தடைக்கு அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். பிறகு குதிரைகளின் முகத்தைப் பாருங்கள். தாண்டும்போது வாயைப் பிளந்து, தலையை மேலே வீசும் குதிரைகள் அதிகம் தெரிந்தால், வேறு பள்ளி தேடலாம்.