கார்பரேட்டர் போன பிறகு நம் கைக்கு என்ன வேலை?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் புதிய பைக்குகளும் ஸ்கூட்டர்களும் பிஎஸ் 6 விதிக்கு உட்பட்டவை. அந்த மாற்றத்தோடு பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டர் விடைபெற்று, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. ஏர் ஸ்க்ரூவைத் திருகியே மைலேஜ் தேடிய காலம் முடிந்தது. ‘எல்லாம் கம்ப்யூட்டர், தொட்டால் கெட்டுவிடும்’ என்று பலர் டயரில் காற்றுகூடப் பார்ப்பதில்லை. இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததோ பெட்ரோல் கணக்கும் தீப்பொறி நேரமும்தான். டயர், செயின், ஆயில், பிரேக் நான்கும் இன்றும் ஓட்டுபவர் பொறுப்பு.

டயர்: வண்டி ஓடியதும் டயர் சூடாகி அழுத்தம் கூடுதலாகக் காட்டும். எனவே காலையில், டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பார்க்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்டயருக்குத் தனி அளவு உண்டு.

செயின்: இன்ஜினை அணைத்து, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சாதாரண 100, 125 சிசி பைக்குகளில் சுமார் 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் இருக்கலாம். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயாது. சக்கரத்தைச் சுழற்றி நாலைந்து இடங்களில் பார்க்க வேண்டும். அதிகம் தொய்ந்தால் செயின் கழன்றுவிடலாம். அதிகம் இறுக்கினால் பேரிங் தேயும்.

ஆயில்: சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தப்பாகும், சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். வாங்கும்போது டப்பாவில் ‘ஜாஸோ’ தரக்குறியைத் தேடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. அவற்றுக்கு எம்ஏ வகை தேவை. உராய்வைக் குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. அதற்கு எம்பி வகை போதும். தடிமனைக் குறிக்கும் 10டபிள்யூ-30 போன்ற எண்ணைக் கையேடு சொல்லும்.

பிரேக்: பல டிரம் பிரேக்குகளில், டிரம்மோடு இணைந்த லிவரின் அடியில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அது டிரம் தட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. நட்டை இறுக்கி இன்னும் சில நாள் ஓட்டலாம் என்று கணக்குப் போடக் கூடாது. டிஸ்க் பிரேக்கில் பேட் தடிமனையும் ஆயில் அளவையும் கண்ணால் பார்க்கலாம்; பிரித்து மாட்டுவதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் புதுப் பழக்கங்களும் வேண்டும். பழைய பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினால் போதும். இப்போது பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான். எப்போதும் கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும். பம்பும் கம்ப்யூட்டரும் மின்சாரத்தில் இயங்குவதால், பேட்டரி முழுக்க இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் பலிக்காது.

மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, உள்பாகங்கள் வளையலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கிருந்து பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதே செலவு குறைந்த வழி.

மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு, ஓடும்போதும் அணையாமல் எரிந்தால் அது ஸ்கேனர் வேலை. அங்கும் நாம் வெறும் பார்வையாளர் அல்ல. எந்தக் கோளாறு எண் காட்டியது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்; கழற்றிய பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதே விளக்கு மறுபடி எரிந்தால், வேறொரு மெக்கானிக்கிடம் போனாலும் அந்த பில்லிலிருந்தே தேடலைத் தொடங்கலாம்.