நடைப்பயிற்சியில் குரைக்கும் வளர்ப்பு நாய்: அதட்டுவது ஏன் பலனளிப்பதில்லை?

வளர்ப்பு நாயுடன் காலை நடைப்பயிற்சிக்குச் செல்லும் நகரவாசிகள் பலருக்குத் தெருநாய்கள் எதிர்ப்படும் இடமே சோதனைக்களம். அங்கு நாய் விடாது குரைப்பதை முரட்டுத்தனம் எனப் பலர் கருதுகின்றனர். பல நேரங்களில் அச்சமே காரணம். கயிற்றில் பிணைக்கப்பட்டிருப்பதால் விலகி ஓட இயலாமல், குரைத்து விரட்ட முற்படுகிறது. அப்போது கயிற்றைச் சுண்டி அதட்டினால், தெருநாயைக் கண்டாலே துன்பம் என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

மாறாக, குரைக்கத் தொடங்காத தொலைவிலேயே நின்று, தெருநாயைப் பார்த்தும் அமைதியாக இருக்கும் நொடியில் தின்பண்டம் அளிக்க வேண்டும். பிஸ்கட்டைவிட வேகவைத்த கோழித்துண்டுக்கு மதிப்பு அதிகம். இடைவெளியைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கலாம்.

குரைத்தல் நாயின் இயல்பு என்பதை இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் ஏற்கின்றன. நாயை அடிப்பதோ 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அமைதியான நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால், உடல்வலி உள்ளதா எனக் கால்நடை மருத்துவரிடம் முதலில் பரிசோதிப்பது நல்லது.