கேட்காமல் திரும்பிய குசேலர்

தரிசனம் முடிந்து கொடிமரத்தின் முன் வீழ்ந்து வணங்கியபின், பிராகாரத்தில் சற்று அமர்ந்துவிட்டே வீடு திரும்புவது பெரியோர் வழக்கம். பேரனின் வேலை, பேத்தியின் திருமணம், விடாத முழங்கால் வலி என வேண்டுதல்கள் யாவும் சந்நிதியிலேயே ஒப்படைக்கப்பட்டுவிடுகின்றன. கல்தரையில் அமர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள், அதுவரை பெற்றவற்றை நினைத்துப் பார்ப்பதற்கு உரியவை.

ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் வரும் குசேலர் சரித்திரத்தை அறியாதவர் இலர். வறுமையில் வாடிய மனைவி, பால்ய நண்பனாகிய கண்ணனைக் கண்டு வருமாறு அவரை வேண்டினாள். கையில் கொடுத்தனுப்ப வீட்டில் ஏதுமில்லை. அண்டை வீடுகளில் நான்கு பிடி அவல் யாசித்துப் பெற்று, துணியில் முடிந்து தந்தாள். துவாரகையில் கண்ணன் அவரைத் தழுவி வரவேற்றான், பாதங்களைக் கழுவினான், அவர் நாணி மறைத்த முடிச்சைத் தானே பறித்து அவலை உண்டான். குசேலரோ வந்த காரியத்தைச் சொல்லாமலே மறுநாள் விடைபெற்றார்.

வெறுங்கையோடு நடந்த அந்த வழியில் அவர் மனம் குறைப்படவில்லை. ஓர் ஏழையை அவன் மார்போடு அணைத்ததை எண்ணி உருகினார். செல்வம் வந்தால் தன்னை மறந்துவிடுவான் என்ற கருணையால்தான் அவன் பொருள் தரவில்லை போலும் என்று நினைத்து மகிழ்ந்தார். குடிசை மாளிகையானதை அவர் கண்டது அதற்குப் பிறகே. நன்றி, செல்வத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இந்த மனநிலை உடலுக்கும் துணை செய்யக்கூடும் என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளுள் ஒன்று, நரம்புத்தசை நோயாளிகளைப் பற்றியது. அவர்களுள் ஒரு பிரிவினர் 21 நாட்கள், தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றை நாள்தோறும் எழுதிவந்தனர். அவ்வாறு எழுதாதவர்களைவிடத் தாம் கூடுதல் நேரம் உறங்கியதாகவும், புத்துணர்வோடு விழித்ததாகவும் அவர்கள் தெரிவித்தனர். நோய் நீங்கவில்லை, நோயோடு கழியும் நாள் சற்று இலகுவாயிற்று.

2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்காவில் செவிலியராக இருந்த 49,275 மூதாட்டியரைப் பற்றியது. அவர்களின் சராசரி வயது 79. நன்றியுணர்வு மிகுந்தவர்களிடையே, அது குறைந்தவர்களைக் காட்டிலும், தொடர்ந்த ஆண்டுகளில் மரண விகிதம் 9 சதவீதம் குறைவாக இருந்தது. நன்றியுணர்வு மட்டுமே இதற்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், இரவில் கவலைகளையே அசைபோடும் மனத்துக்கு வேறு நினைவு தரப்பட்டால் உறக்கம் எளிதில் வருவது அனுபவத்திலும் தெரிந்ததே.

மருந்தை நிறுத்திவிட்டு நன்றி சொன்னால் போதும் என்பது இதன் பொருளன்று. வாழ்க்கைத் துணையை இழந்தவரிடம் துயரத்தை மறைத்துச் சிரிக்கச் சொல்வதும் அன்று. கண்ணீரோடும் நன்றி சொல்லலாம். உடன் வாழ்ந்த ஆண்டுகளுக்காகச் சொல்லலாம். எதுவும் தோன்றாத நாளில் அமைதியாக அமர்ந்திருப்பதும் குற்றமன்று.

முதுமையின் பெரிய வேதனை பல வேளைகளில் வலியன்று. பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணமே. கைபிடித்துப் படியேற்றும் பேரனிடமும், வேளை தவறாமல் மாத்திரை எடுத்துத் தரும் மருமகளிடமும் வாய்திறந்து நன்றி சொல்லும்போது, அந்த எண்ணம் மெல்லக் கரைகிறது. பெறுபவரும் அங்கே ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். குசேலர் கொண்டுசென்ற அவலும் அண்டை வீட்டார் தந்ததே. அதையே பகவான் உவந்து ஏற்றான்.

அடுத்த முறை பிராகாரத்தில் அமரும்போது, அன்று கிடைத்த மூன்று நன்மைகளை நினைத்துப் பார்க்கலாம். வழியில் நின்று வழிவிட்ட ஆட்டோக்காரர், மார்கழிக் குளிரில் யாரோ நீட்டிய சூடான பொங்கல், தூணைப் பிடித்தேனும் எழ முடிந்த கால்கள் எனச் சிறியவையே போதும். கோயிலுக்கு வர இயலாதவர், வீட்டில் விளக்கேற்றிய பின் இதைச் செய்யலாம். அம்மூன்றில் ஒன்று ஒரு மனிதரால் வந்ததாயின், அன்றே அவரிடம் அதைச் சொல்லிவிடுவது நலம்.